எச்சரிக்கையும் காணித்துண்டும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்தச் சரிவு மனிதர் குடியிருக்கத் தகுந்ததன்று என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் மறுபடி 2011இலும் அறிவித்திருந்தமையால், அன்று நிகழ்ந்ததை அறியாமையால் விளைந்த விபத்து என்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. அறிவு இருந்தது, அதற்கிணங்க நடக்கும் கடமை எவருடையது என்பதே தீர்மானிக்கப்படாமல் இருந்தது.

மீரியபெத்தை அடங்கிய ஊவா மாகாணத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கும் பணி 1990இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150ஐக் கடந்தால் வெளியேற்றம் என்று விஞ்ஞானிகள் படிமுறையும் வகுத்துத் தந்துள்ளனர். தேயிலைத் தொழில்நுட்பமும் கனிய வளங்களும் பயிற்றப்படும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையிலேயே இயங்கி வருகிறது.

குறை எங்கேயெனில், எச்சரிக்கைக் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தையும் பிரதேச செயலகத்தையும் அடைந்தபின், "வெளியேறுங்கள்" என்ற ஒரு சொல்லாக மாத்திரம் லயத்து வாசலுக்கு வந்து நின்றுவிடுவதில் இருக்கிறது. வெளியேறி எங்கே போவது? பட்டணத்தில் உறுதிப்பத்திரம் வைத்திருப்பவன் காணியை விற்றோ ஈடு வைத்தோ வேறிடம் தேடிக்கொள்ளலாம். நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவில் வாழ்ந்தும் அதன் சுவரில் ஒரு கல்லுக்கேனும் உரிமையற்ற தொழிலாளி, வீட்டை விட்டால் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் சேர்த்தே விட வேண்டியவனாகிறான். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் சேவை செய்வதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடையும் 2018இலேதான் திருத்தப்பட்டது. அவ்வளவு காலமும் அந்த ஜனங்கள் வரைபடத்தில் இருந்தார்கள். நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கவில்லை.

காணி இல்லை என்ற சமாதானத்தை நாம் ஏற்கமாட்டோம். மலையகத்துப் பெருந்தோட்டக் காணியிற் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் அது கம்பனிகளுக்குக் குத்தகையாக விடப்பட்டிருக்கிறது. நிலத்தின் உரிமையாளரும் அபாயத்தை அறிந்தவரும் ஒருவராகவே இருக்கும்போது, ஏழு பேர்ச்சஸ் துண்டொன்றைப் பாதுகாப்பான மேட்டில் ஒதுக்க இவ்வளவு காலம் ஏன் செல்லவேண்டும்? மீரியபெத்தையில் உயிர்தப்பியவர்களுக்கு மகல்தெனியாவில் 75 வீடுகள் எழுந்தன. ஆனால் அவை உயிர்கள் போன பின்பு எழுந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயங்கள் அழிந்தன. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் பிணங்களைத் தோண்டியெடுத்தது.

இது தோட்டத்து விவகாரம், பட்டணத்துக்குச் சம்பந்தமற்றது என்று எண்ணுவோரும் உளர். பதுளையையும் பண்டாரவளையையும் அப்புத்தளையையும் தேயிலை மலைகள் சூழ்ந்திருக்க, நகரத் திட்டத்தின் கோடு தோட்டத்து எல்லையில் நின்றுவிடுகிறது. தண்ணீர் அங்கே நிற்பதில்லை. முன்னாளில் மழைக்கு முன்பே மண் அள்ளித் துப்புரவாக்கப்பட்ட தோட்டத்துக் கான்கள் தூர்ந்துபோனால், மழைநீர் வடிய வழியின்றிச் சரிவின் மண்ணுக்குள் இறங்கி, லயத்தையும் அதன் கீழுள்ள தெருவையும் ஒருங்கே அசைக்கிறது. பண்டாரவளைப் பிரதேசத்தில் உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டப்பட்டபோது கிணறுகள் வற்றியதும் சுவர்கள் பிளந்ததும், நிலத்தடியிலும் நகரம், கிராமம், தோட்டம் என்ற பேதம் இல்லை என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சியம். பீலியில் தண்ணீர் கலங்குவதையும் கதவு நிலை இறுகுவதையும் முதலில் காணும் லயத்துப் பெண்களின் அனுபவமும் மண்சரிவு ஆராய்ச்சியிற் சேர்க்கப்படவேண்டியதே.

அறிவைக் கடமையாக்கிய முன்னுதாரணமும் உண்டு. ஹொங்கொங்கில் 1972இலும் 1976இலும் சௌ மௌ பிங் என்னும் குடியிருப்பில் சரிவுகள் மக்களைப் பலிகொண்டன. 1977இல் அந்த அரசு சரிவுகளைக் கண்காணிக்கும் தனிக் காரியாலயமொன்றை நிறுவி, மலைச்சரிவில் எழும்பும் கட்டடங்களைப் பரிசோதிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. ஆராய்ச்சி அங்கே ஆலோசனையாக நின்றுவிடாமல் நிர்வாகத்தின் அங்கமாயிற்று.

விஞ்ஞானிகள் ஆளக்கூடாது, மக்கள் பிரதிநிதிகளே தீர்மானிக்கவேண்டும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. தீர்மானம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால், ஒரு சரிவு அபாயமானது என்று அறிக்கை வெளியான நாளிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள், மாற்றுக் காணி எது, அங்கே செல்லும் நாள் எது, மறுப்பதாயின் காரணம் என்ன என்று எழுத்தில் விடை கூறும் கடமையைச் சட்டம் அவர்கள்மீது விதிக்கவேண்டும். மாகாண சபையும் பிரதேச சபையும் தோட்டக் கம்பனியும் அந்தப் பத்திரத்தில் ஒருங்கே கையொப்பமிட வேண்டும்.

வருகிற ஐப்பசி மழைக்கு முன், அபாய வலயத்திலுள்ள ஒவ்வொரு லயத்தின் இலக்கமும் தமிழில் எழுதப்பட்டு, அந்தந்தத் தோட்டத்தின் பிரட்டுக்களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் தொங்கவேண்டும். அதன் கீழே, ஒதுக்கப்பட்ட காணியின் பெயரும் பொறுப்பதிகாரியின் பெயரும் குடிபெயரும் திகதியும் இருக்கவேண்டும்.