திண்ணைப் பேச்சு: உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை



ஒரு பொருளை வாங்க எண்ணுகிறவன் அதன் விலையை விற்பவனிடம் கேட்கலாம். குணத்தை அதை வைத்திருப்பவனிடமே கேட்கவேண்டும். உழவு மாடு பிடிக்கப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். நானும் அவ்வழியைப் பின்பற்றி, ஒரு விலையுயர்ந்த பொருளைப் பற்றி அதன் உரிமையாளர் மூவரைக் கண்டு விசாரித்தேன். இல்லத்தையே திரையரங்காக்கும் 'சரவுண்ட் சவுண்ட் பிராசசர்' என்பதே அப்பொருள். விசாரணை எங்கோ தொடங்கி எங்கோ சென்று முடிந்தது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பயன்படும் என்று தோன்றுவதால், இத்திங்கள் அதனையே பேசுகிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையாருக்கு வயது 71. நெல்லைச் சீமையிலிருந்து இளம் வயதில் பம்பாய்க்கு வந்து, 30 ஆண்டுகளுக்கு மேல் இயந்திர இரைச்சலுக்கிடையே உழைத்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் படம் ஒன்றே அவருடைய பொழுதுபோக்கு. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அரோரா அரங்கின் வாசலில் நுழைவுச் சீட்டுக்கு நின்ற கதைகளை என் பிள்ளைப் பருவத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அத்தகையவர் ஓராண்டாகத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். எங்கள் தேவ்நார்க் குடியிருப்பில் மேல்மாடியில் கைக்குழந்தையுள்ள மராட்டியக் குடும்பம். இரவு பத்தரை மணிக்கு அந்த வீட்டம்மாள் இருமுறை இறங்கி வந்து, மரியாதையாகவே சொல்லிப் போனார். ஒலியைக் குறைத்தாலோ தந்தையார் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொள்வார். உண்ணும்போது பேச்சுக் கொடுத்தாலும் பதில் வராது. "மாமாவுக்கு நம்மேல் ஏதோ வருத்தம்" என்று என் மனைவி கலங்கினாள். நானும் அவ்வாறே எண்ணினேன்.

அவ்வேளையில் செம்பூர் நண்பர் ஒருவர், தாம் புதிய பிராசசர் வாங்கவிருப்பதால் பழையதை 90,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். "வசனம் மணிமணியாக விழும், ஒலியைக் கூட்டவே வேண்டாம்" என்றார். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் விண்ணப்பத் தாளும் வாங்கிவிட்டேன். ஆயினும் நான் சரக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்தே பழகிய ரயில்வே குமாஸ்தா. ஒருதலைச் சான்றை ஏற்றுக் கையெழுத்திடுவது எங்கள் வழக்கமன்று.

இனி, அப்பொருள் யாது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நம் தமிழ்ப் படங்களின் ஒலி படிப்படியாக விரிந்து வந்தது. 1978-இல் வெளிவந்த 'பிரியா'வின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாயின. 1986-இல் 'மாவீரன்' 70 மி.மீ. படமாக, ஆறு தட ஒலியுடன் வந்தது. 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியுடன் வந்தது. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் படமாக மீண்டும் வந்தபோது, தலைக்கு மேலிருந்தும் ஒலி இறங்கும் 'டால்பி அட்மாஸ்' முறையில் அமைந்தது. அந்த ஒலியை இல்லத்தில் பிரித்து, முன்னும் பின்னும் மேலும் உள்ள ஒலிபெருக்கிகளுக்கு உரிய பங்கை உரிய கணத்தில் அனுப்புவதே பிராசசரின் வேலை. மராண்ட்ஸ், ஆந்தம், லிங்டார்ஃப், ட்ரின்னாவ், ஸ்டார்ம் ஆடியோ முதலிய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. விலை சில லட்சங்களில் தொடங்கி, சிறிய வீட்டின் முன்பணம் அளவுக்குப் போகும். இதில் ஆம்பிளிஃபயர் இராது என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அதனைத் தனியே வாங்கவேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பின் அதற்கு ரிசீவர் என்று பெயர்.

நான் முதலில் கண்டவர் செம்பூரில் தனி வீடுள்ள ஒரு மருத்துவர். தரையளவில் ஏழு ஒலிபெருக்கிகளும் கூரையில் நான்குமாக அமைத்திருக்கிறார். "பிராசசரை வாங்கிய முதல் மாதம் ஏமாந்தேன் என்றே நினைத்தேன், அறையை அளந்து திருத்திய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது" என்றார். அறையை அளப்பதாவது: நாம் அமரும் இடத்தில் செவியின் உயரத்தில் ஓர் ஒலிவாங்கியை நிறுத்துவர். ஒவ்வொரு ஒலிபெருக்கியும் 'கூ' என்று கூவும். ஒலி ஓர் அடியைக் கடக்க, நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அதனைக் கொண்டு எந்தப் பெட்டி எவ்வளவு தொலைவு, எது உரக்க ஒலிக்கிறது, எது மெலிகிறது என்று கருவியே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். இதற்கு ஆடிஸி, டிராக் எனப் பல முறைகள் உண்டு. ட்ரின்னாவின் ஒலிவாங்கிக்கு நான்கு செவிகள். ஒலி எத்திசையில், எவ்வுயரத்திலிருந்து வருகிறது என்பதையும் அது அறியும்.

ஆனால், திருத்தத்துக்கும் எல்லை உண்டு. 12 அடி நீளமுள்ள அறையில், நொடிக்கு 47 அதிர்வு அளவிலான கனத்த ஒலி இரு சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். ஓரிடத்தில் அது இடிபோல முழங்கும். மற்றோரிடத்தில் இல்லாமலே போய்விடும். முழக்கத்தைப் பிராசசர் அடக்கும். இல்லாததை உண்டாக்க அதனால் இயலாது. எங்கள் கூடத்தின் நீளம் சரியாக 12 அடி என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

இரண்டாமவர் வாஷியில் வசிப்பவர். கப்பல் நிறுவனத்தில் பெரிய வேலை. அவரிடம் வாழ்த்தும் வசையும் சம அளவில் இருந்தன. "படம் ஓடும்போது ராஜா நான்தான். ஆனால் வாங்கிய பொருள் பழையதாவது இத்தனை விரைவா?" என்றார். படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. இணைப்பின் 2.0 வகை 2013-இல் வந்தது, 2.1 வகை 2017-இல் வந்துவிட்டது. இடையில் வாங்கியோர் கருவிகள், புதிய தொலைக்காட்சியின் சில வசதிகளுக்கு இடம்கொடுக்கவில்லை. சில நாள் உதடு முன்னும் சொல் பின்னுமாக வரும். அதனைச் சீர்செய்வதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவர். ஒலிபெருக்கி இருபது ஆண்டு உழைக்கும், ஆம்பிளிஃபயரும் அப்படியே, பிராசசரின் மதிப்போ ஆண்டுதோறும் சரியும் என்பது அவர் கணக்கு. நண்பர் பழையதை விற்க முன்வந்த காரணம் எனக்கு ஓரளவு விளங்கியது.

இவ்விருவர் சொற்களிலும் ஒன்றை நான் குறித்துக்கொண்டேன். ரயிலில் போகிறவர் குறையிருந்தால்தான் புகார்ப் புத்தகத்தைக் கேட்பார்; நிறைவாக இறங்கியவர் எழுதமாட்டார். பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர் நிலை நேர்மாறானது. கொடுத்த பணத்துக்கு நியாயம் காட்டவேண்டியிருப்பதால் முதல் மாதத்தில் புகழ்ந்தே பேசுவர். ஆகவே, ஆண்டு சில கடந்தவரைக் கேட்பதே நல்லது.

மூன்றாமவர் அத்தகையவர். ஓய்வுபெற்ற பொறியாளர், வயது எழுபதை நெருங்குகிறது, எட்டு ஆண்டுகளாக ஒரே பிராசசரை வைத்திருக்கிறார். அவர் இல்லத்துக்குத் தந்தையாரையும் அழைத்துச் சென்றேன். நல்ல அறை, நல்ல கருவி. பழைய படமொன்றை ஓட்டினார். பாடல் வந்தபோது தந்தையார் தொடையில் தாளம் போட்டார். வசனம் வந்ததும் அவர் பார்வை திரையை விட்டு என் முகத்துக்கு வந்தது. நான் சிரித்தால் அவரும் சிரித்தார். பொறியாளர் அதனைக் கண்டுகொண்டார். மெதுவாக எழுந்து, நடு ஒலிபெருக்கியின் அளவை மட்டும் கூட்டினார். படத்தின் பேச்சில் பெரும்பகுதி அந்த நடுப்பெட்டியிலிருந்தே வரும். பிறகு தந்தையாரின் அருகில் அமர்ந்து, "அண்ணாச்சி, இப்போது பேச்சு விளங்குகிறதா?" என்று உரக்கக் கேட்டார்.

தந்தையார் சற்றுத் தயங்கி, "பாட்டு நல்லாத்தான் கேக்கு. பேச்சுதான் விளங்கல. இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுதாவ" என்றார்.

அந்த 'எல்லாரும்' என்பதில் நானும், என் மனைவியும், என் மகளும் அடக்கம் என்பது எனக்கு உறைத்தது. எங்கள்மேல் வருத்தமில்லை, நாங்கள் பேசியது அவருக்கு எட்டவில்லை. கேட்டதுபோலக் காட்டிக்கொள்ளவும் இயலாமல், திரும்பத் திரும்பக் கேட்கவும் வெட்கி, ஓராண்டு மௌனமாக இருந்திருக்கிறார்.

விடைபெறும்போது பொறியாளர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, கருவியை வாங்குமுன் காதைச் சோதியுங்கள். நானே இரண்டு ஆண்டு தாமதித்துத்தான் சோதித்தேன்" என்று தம் செவியில் இருந்த சிறு கருவியைக் காட்டினார்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்தேன். கோவண்டியில் ரயிலேறி, வடாலா ரோட்டில் மாறி, பாந்திராவில் இறங்கினோம். பாந்திரா ரெக்ளமேஷன் பகுதியில் அலி யாவர் ஜங் பெயரால் அமைந்த தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. பேச்சுக் குறையும் செவிக் குறையும் உள்ளோர்க்காக மத்திய அரசு 1983-இல் நிறுவியது. அங்கே ஓசை புகாத சிற்றறையில் அமர்த்தி, காதில் ஒலிப்பானை மாட்டி, கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். வந்த வரைபடத்தில், நொடிக்கு 500 அதிர்வு அளவிலான தாழ்ந்த ஒலியை அவர் 30 டெசிபலிலேயே கேட்டார். 4,000 அதிர்வு அளவிலான உயர்ந்த ஒலிக்கோ 70 டெசிபல் வேண்டியிருந்தது.

அதன் பொருளை அங்கிருந்த அம்மையார் விளக்கியதை நம் இலக்கணத்தில் வைத்துச் சொல்கிறேன். அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. க, ச, ட, த, ப ஆகிய வல்லினங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய கூர்மையோ உயர்ந்த ஒலியில் இருக்கிறது. உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் முதுமையாலும் நெடுநாள் இரைச்சலாலும் அழியும்போது, பெரும்பாலும் உயர்ந்த ஒலிக்குரியவையே முதலில் அழிகின்றன. அவை மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. படம், கடம், தடம் மூன்றும் அவர் செவிக்கு ஒன்றே. இந்நிலையில் ஒலியைக் கூட்டினால் உயிர்தான் இரைச்சலாகும், மெய் தெளியாது. மேல்மாடிக் குழந்தை விழித்தது, தந்தையாருக்குப் பயன்படாத ஒலியால்தான்.

செவித்துணைக் கருவி வாங்கினோம். இரு காதுகளுக்கும் சேர்த்து, பிராசசருக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. வருமானம் குறைந்தோர்க்கு ஏ.டி.ஐ.பி. என்னும் மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் உதவியும் உண்டு, அந்நிறுவனத்திலேயே விசாரிக்கலாம். யோசித்துப் பார்த்தால் இரு கருவிகளுக்கும் தொழில் ஒன்றே. பிராசசர் அறையை அளந்து, அதன் குறைக்கேற்ப ஒலியைத் திருத்துகிறது. செவித்துணைக் கருவி காதை அளந்து, அதன் குறைக்கேற்பத் திருத்துகிறது. குறை எங்கே இருக்கிறது என்பதை அறியாமல், அறையைத் திருத்தக் கடன் வாங்க இருந்தேன்.

முதல் நாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. பாத்திரம் உரசும் ஓசையும் பக்கத்துச் சாலையின் ஹாரனும் அவரைத் துன்புறுத்தின. இரண்டு முறை கழற்றி வைத்துவிட்டார். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுத்திருந்தோம். தினமும் ஒரு மணி, இரண்டு மணி எனக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

பிராசசர் வேண்டாப் பொருள் என்று நான் சொல்லவரவில்லை. தனி அறையும் வசதியும் உள்ளோர்க்கு அது பேரின்பமே. மருத்துவர் இல்லத்தில் நான் கேட்ட மழையோசை இன்னும் செவியில் நிற்கிறது. நம்மைப் போல் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்வோர்க்குச் சிறு வழிகள் உண்டு. பல தொலைக்காட்சிகளிலும் ஒலிப்பட்டைகளிலும் பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பும், முழக்கத்தை அடக்கும் இரவு அமைப்பும் உள்ளன, கேட்டுப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலையே எல்லையாக வைத்துள்ளன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

யாவற்றிலும் மேலாக ஒன்று. உங்கள் இல்லத்துப் பெரியவர் ஒலியைக் கூட்டினால் சினம் கொள்ளாதீர்கள். பதில் பேசாவிட்டால் வருத்தம் என்று முடிவுகட்டாதீர்கள். முகத்துக்கு நேராக நின்று, கத்தாமல், நிறுத்திப் பேசிப் பாருங்கள். பதில் வந்தால் செவியைச் சோதிக்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்க.

சென்ற ஞாயிறு உண்ணும்போது, என் மகள் பள்ளியில் நடந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரிக்குமுன் தந்தையார் சிரித்தார். கடன் சங்கத்தின் விண்ணப்பத் தாள் இன்னும் மேசையில் கிடக்கிறது. மகள் அதன் பின்புறத்தில் கணக்குப் போடுகிறாள்.