பரண்மேல் கிடந்த கம்ப்யூட்டர்

அக்கா பையனுக்கு கம்ப்யூட்டர் வேணுமாம். புதுசா எதுக்கு? 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிஞ்சதும், நல்லா ஓடுற பெட்டியையெல்லாம் குப்பைனு ஒதுக்கிட்டாங்க. விண்டோஸ் 11 கேக்குற டிபிஎம் 2.0 இல்லையாம். லினக்ஸ் மின்ட் அதெல்லாம் கேக்கறதில்லை :-)

என் ஓட்டு 'தின் மினி-ஐடிஎக்ஸ்' போர்டுக்குத்தான். 17 செ.மீ. சதுரம், அவ்ளோதான். நாலாம் தலைமுறை ஐ3 உக்கார்ற போர்டு ரிச்சி தெருவுல கிடைச்சுது. செத்துப்போன லேப்டாப்போட ரேமும் 19 வோல்ட் அடாப்டரும் அப்படியே பொருந்திடுச்சு (பின் அளவு பாத்துக்கங்க). எஸ்எம்பிஎஸ்ஸே வேணாம். எவர்சில்வர் டப்பாவுல அடைக்கப் பாத்தேன், அம்மா துரத்திட்டாங்க. ஷார்ட் ஆகியிருக்கும், நல்லதாப் போச்சு. மரப்பெட்டிதான் கடைசில.

எல்லாம் பழசா இருக்கலாம், டிஸ்க் மட்டும் கூடாது. முன்னாடி அப்பாவுக்கு ஒண்ணு செஞ்சப்ப கஞ்சத்தனமா பழைய ஹார்ட் டிஸ்கையே மாட்டினேன். ஆறே மாசத்துல டக் டக்னு சத்தம். பாட்டியோட போட்டோ மொத்தமும் போச்சு. வேற காப்பி கிடையாது. அப்பா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை.

இந்தத் தடவை புது எஸ்எஸ்டி. கூடவே ஒரு பென்டிரைவ், வாராவாரம் காப்பி எடுக்க. பையன் எடுப்பானாங்கிறது வேற விஷயம்.