தோள் தளர்ந்தால் வில்லை மாற்றலாமா?

வயது அறுபதைத் தொடும்போது உடம்பில் எந்தப் பாகம் முதலில் மக்கர் செய்யும்? முழங்கால் என்பார்கள் நம்மவர்கள். அமெரிக்காவில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களைக் கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் தோள்பட்டை என்பார்கள்.

என் கல்லூரித் தோழன் ஒருவன் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். வேட்டைப் பக்கமே போகாதவன். ஆனாலும் செப்டம்பர் பிறந்துவிட்டால் அவனுடைய அலுவலக மதிய உணவு மேசையில் மானைத் தவிர வேறு பேச்சே கிடையாதாம். இந்த முறை பேச்சு முற்றிச் சண்டையாகிவிட்டதாம். காரணம், அவனுடைய மேலதிகாரி. முப்பது ஆண்டுகளாகக் காம்பவுண்ட் வில்லோடு காட்டுக்குப் போனவர், தோள் வலி தாங்காமல் குறுக்குவில்லுக்கு மாறப்போவதாகச் சொல்லிவிட்டார். “அது ஏமாற்று வேலை” என்று ஒரு கட்சி. “முடியாதவர் என்ன செய்வார்?” என்று இன்னொரு கட்சி. இதில் யார் பக்கம் நியாயம்?

வேட்டையே வேண்டாம் என்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் 1900 வாக்கில் ஏறக்குறைய 500,000 தான் மிஞ்சியிருந்தன. இன்று சுமார் 30 மில்லியன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மானைத் தின்னும் ஓநாய் பெரும்பாலான இடங்களில் இல்லை. அதனால் உரிமம், பருவம், எண்ணிக்கை என்று விதி வைத்து வேட்டையை அனுமதிக்கிறார்கள். வில் விற்பனையில் வசூலாகும் 11 விழுக்காட்டு வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. 1937இல் துப்பாக்கிகளுக்காக வந்த சட்டம் இது. 1970களில் வில்லும் அதில் சேர்ந்தது. நம் மலேசியக் காட்டு மான்களின் நிலைமை வேறு, சட்டமும் வேறு. அங்கே நடப்பதை இங்கே யாரும் முயன்று பார்க்க வேண்டாம்!

இரண்டு வில், இரண்டு விதம்

காம்பவுண்ட் வில் என்பது பழைய மரவில்லின் நவீன வாரிசு. மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1960களில் உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்றது. வில்லின் இரு நுனிகளிலும் சக்கரங்கள் இருக்கும். நாணை இழுக்கத் தொடங்கும்போது முழுப் பாரமும் கையில் ஏறும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சக்கரம் சுழன்று பாரத்தின் பெரும்பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளும். 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ இழுவை கொண்ட வில்லில் 80 விழுக்காடு பாரம் குறைந்தால், குறி பார்த்து நிற்கும்போது கையில் இருப்பது ஆறரை கிலோ மட்டுமே.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறரை கிலோவுக்கு வருவதற்கு முன் 32 கிலோ என்ற மேட்டைத் தாண்டியாக வேண்டும். மூன்று 10 கிலோ அரிசி மூட்டைகளை ஒரே கையால் பின்னுக்கு இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் எப்போது? உறையும் குளிரில் மரத்தின் மேல் பரண் கட்டி, மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, உடம்பு விறைத்துப்போன நேரத்தில். மான் இருபது மீட்டரில் நிற்கும்போது, அது தலையைத் திருப்பிப் பார்க்காதபடி மெல்ல இழுக்க வேண்டும். தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் தேய்ந்தவருக்கு இது நடக்கிற காரியமா?

குறுக்குவில்லில் வில் படுக்கைவாட்டில் இருக்கும். துப்பாக்கிபோல் தோளில் அணைக்க ஒரு கட்டை, நாணைப் பிடித்துவைக்க ஒரு கொக்கி, அதை விடுவிக்க ஒரு விசை, மேலே குறிபார்க்கும் ஸ்கோப். இழுவை 150 முதல் 200 பவுண்டு வரைகூட இருக்கும். அப்படியானால் அதை எப்படி இழுப்பது? முன்னால் இருக்கும் வளையத்தில் காலை ஊன்றி, இரு கைகளாலும் கப்பி வைத்த கயிற்றைப் பிடித்து இழுத்தால் பாரம் பாதியாகிவிடும். அதுவும் முடியாதவருக்குக் கைப்பிடி சுற்றும் கருவி உண்டு, கிணற்று ராட்டினம் மாதிரி. முக்கியமான வித்தியாசம் இதுதான்: இந்த உழைப்பெல்லாம் மான் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். மான் எதிரில் நிற்கும்போது செய்ய வேண்டியது விரலை அசைப்பது மட்டும்.

ஏமாற்று வேலையா?

சண்டை இங்கேதான் தொடங்குகிறது. இது புதிய சண்டையும் அல்ல. குறுக்குவில் சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படையில் இருந்தது. ஐரோப்பாவில் 1139ஆம் ஆண்டு கூடிய லாத்தரன் திருச்சபைப் பேரவை, கிறிஸ்துவர்கள் மீது இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. யாரும் கேட்கவில்லை. 1199இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் குறுக்குவில் அம்பு பட்ட காயத்தால்தான் இறந்தார். பல ஆண்டுகள் பழகித் தேர்ந்த வில்லாளியின் இடத்தில், சில வாரம் பழகியவன் நிற்க முடிகிறதே என்ற கோபம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

விஸ்கான்சினில் முன்பு முதியவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் மட்டுமே குறுக்குவில் வேட்டை அனுமதி இருந்தது. 2014இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே குறுக்குவில்லால் வீழ்ந்த மான்களின் எண்ணிக்கை, மற்ற வில்லால் வீழ்ந்தவற்றை முந்தியது. ஓரிகன் மாநிலத்தில் இன்றும் குறுக்குவில் வேட்டைக்கு இடமில்லை. பிரிட்டனிலோ எந்த வில்லாலும் மானை வேட்டையாட முடியாது.

எதிர்ப்பவர்களின் வாதத்தில் வெறும் பெருமை மட்டும் இல்லை. விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைப் பருவம் என்று பேர்போனது நவம்பரில் வரும் ஒன்பது நாள். வில் வேட்டைக்கோ செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை மாதக்கணக்கில் அவகாசம். காரணம், வில்லால் மானை வீழ்த்துவது கடினம். கருவி எளிதாகி, வீழும் மான்கள் கூடிவிட்டால், அந்த நீண்ட பருவத்துக்கே ஆபத்து வரலாம் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான்.

ஆனால் ‘ஏமாற்று’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் வந்தபோது மரவில்காரர்கள் அதைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். பேரனாக இருந்து திட்டு வாங்கியவர், தாத்தா ஆனதும் அடுத்தவரைத் திட்டுகிறார், அவ்வளவுதான். வலிக்கும் தோளோடு வீம்புக்கு இழுத்தால் கை நடுங்கும். நடுங்கிய கையிலிருந்து புறப்படும் அம்பு நெஞ்சில் படாமல் வயிற்றிலோ தொடையிலோ படும். அந்த மான் உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும். வேட்டைக்காரரின் பெருமைக்கு விலை கொடுப்பது அவர் அல்ல, மான். இது ஒன்றே எனக்குப் போதுமான பதில்.

அதற்காகத் தோள் வலித்ததும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் மருத்துவரைப் பார்க்கலாம். அடுத்து, இழுவையைக் குறைக்கலாம். இன்றைய காம்பவுண்ட் வில்லில் 70 பவுண்டிலிருந்து இறங்கி 45 பவுண்டு வைத்தாலும், கூர்மையான அம்பு முனையோடு அருகிலிருந்து எய்தால் மானுக்கு அது போதும். அதுவும் வலித்தால்தான் குறுக்குவில்.

எளிதாகாத விஷயங்கள்

மாறியவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கையில் ஸ்கோப்பும் விசையும் வந்ததும் துப்பாக்கி கிடைத்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. ஐம்பது மீட்டர், அறுபது மீட்டர் என்று தூரத்துக்கு ஆசை போகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். குறுக்குவில் அம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 120 மீட்டர். ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர். மான் 50 மீட்டர் தள்ளி நிற்கிறது என்றால், அம்பு போய்ச் சேர 0.42 விநாடி ஆகும். நாண் விடுபடும் சத்தமோ 0.15 விநாடியில் மானின் காதில் விழுந்துவிடும். அதாவது, சத்தம் கேட்ட பிறகு மானுக்குக் கால் விநாடிக்கும் மேல் அவகாசம் கிடைக்கிறது. வெருண்ட மான் துள்ளி ஓடுவதற்கு முன் உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகில் போய்ப் படும், அல்லது மேலே பறந்துவிடும். இதே கணக்கை 25 மீட்டருக்குப் போட்டால் அவகாசம் பாதியாகிவிடும். குறுக்குவில் பொதுவாக மற்ற வில்லைவிடச் சத்தமானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழக வேண்டிய வேறு சிலவும் உண்டு. முன்கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தடத்துக்கு மேலே வரவே கூடாது. வந்தால் விரலே போய்விடும். அம்பு வைக்காமல் விசையை அழுத்தினால் வில் உடைந்துவிடும். ஏற்றிய நாணைச் சும்மா இறக்க முடியாத வில்கள் பல. மான் வராத நாளில் கீழே இறங்கி, பழைய அம்பு ஒன்றை இலக்குப் பையில் எய்து காலி செய்ய வேண்டும். பரணில் ஏறும்போது அம்பில்லாமல், கயிற்றில் கட்டித்தான் வில்லை மேலே தூக்க வேண்டும். முதல் அம்பு தவறினால், மறுபடி நாணேற்றுவதற்குள் மான் போய்விடும்.

நம் வீடுகளிலும் இந்தச் சண்டை வேறு உருவத்தில் நடக்கிறது. காது கேட்கும் கருவி வேண்டாம் என்கிற தாத்தா, கைத்தடி பிடித்தால் கௌரவக் குறைச்சல் என்கிற அப்பா, ஆட்டோ கியர் காரை ஓட்டுவது ஓட்டுவதே இல்லை என்கிற மாமா. “வயசாயிருச்சு, விட்டுடுங்க” என்று நாமும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விடுவதற்கும் வீம்பு பிடிப்பதற்கும் நடுவில் மாற்றிக்கொள்வது என்று ஒன்று இருக்கிறது. ஆனால் ஆட்டோ கியர் வாங்கிக் கொடுத்துவிட்டால் அப்பாவின் கண் பரிசோதனைக்கு அவசியமில்லை என்று ஆகிவிடாது.

வில்லை மாற்றுகிறவருக்கும் இதுதான். தோளின் வேலை குறைகிறது, முடிவெடுக்கும் வேலை குறையவில்லை. வேட்டைப் பருவத்துக்கு முன்பே, கோடையில், தினம் சில அம்புகளை எய்து பார்க்கட்டும். பத்து அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுவே தன் எல்லை என்று தரையில் நிற்கும்போதே முடிவு செய்யட்டும். பரணில் ஏறிய பிறகு, பெரிய கொம்போடு ஒரு மான் அந்த எல்லைக்கு அப்பால் வந்து நின்றால், அதைப் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.