முதலில் வருவதெல்லாம் முதல்தரமா?

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடவேண்டும். பாங்கிக் கணக்கில் ஏதோ கோளாறு, யாரிடமாவது முறையிடவேண்டும். முன்பெல்லாம் இதற்கு ஆபீசில் விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்போம். இப்போது கைபேசியில் நாலு எழுத்துத் தட்டுகிறோம். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. முதலில் இருப்பதைத் தொடுகிறோம். முதலாவதாக வந்திருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்பது நம் எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

பதில் வேண்டுமானால், அந்த வரிசையை யார் போடுகிறார்கள், எதை எண்ணிப் போடுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

கூகுள் கம்பெனி 1998ல் தொடங்கியது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவர் கண்ட முறைதான் அதற்கு மூலதனம். 'பேஜ்ரேங்க்' என்று அதற்குப் பெயர். அதன் அடிப்படை நமக்குப் பழக்கமான சிபாரிசுதான். ஒரு இணையப் பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், அது ஒரு சிபாரிசுக் கடிதம் என்று கணக்கு. ஆனால் எல்லாக் கடிதத்துக்கும் ஒரே எடை கிடையாது. பலருடைய சிபாரிசைப் பெற்றவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். கேட்டவர்க்கெல்லாம் எழுதிக் கொடுப்பவரானால், அவருடைய மதிப்பு அத்தனை பேருக்கும் பங்காகிப் போகும். 6 மதிப்பெண் உள்ள பக்கம் மூன்று பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் ஆளுக்கு 2 தான். அதிலும் கொஞ்சம் கழிவு உண்டு. படிப்பவர் 100க்கு 85 தடவை இணைப்பைப் பிடித்துக்கொண்டு போவார், 15 தடவை அலுத்துப்போய் வேறெங்காவது தாவிவிடுவார் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். ஆகவே அந்த 2 என்பது 1.7 ஆகிவிடும்.

அழகான முறைதான். அதுவரை இருந்த தேடும் வசதிகள் பலவும், தேடிய சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதாகப் பார்த்தன. அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிபாரிசு பெற்றவர் யோக்கியர் என்று சிபாரிசு நிரூபித்துவிடாது. பலருக்குத் தெரிந்தவர் என்று மட்டுமே அது சொல்லும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. 1996ல் தொடங்கி, 1999ல் அமேசான் வாங்கிய 'அலெக்ஸா' என்ற கம்பெனி, எந்த இணையதளத்துக்குக் கூட்டம் அதிகம் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது. இங்கே 1 என்றால் உச்சி. எண் பெருகப் பெருக இறக்கம். உலகத்தில் உள்ள எல்லோரையும் அவர்கள் எண்ணினார்களா? இல்லை. அவர்கள் கொடுத்த ஒரு சிறு கருவியைத் தங்கள் கம்ப்யூட்டரில் பொருத்திக்கொண்டவர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்பதை வைத்தே வெகுகாலம் கணக்குப் போட்டார்கள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் ஒரே ஒரு வாசலில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் முழுவதன் போக்குவரத்தையும் மதிப்பிடுவது போன்றது இது. பெரிய தளங்களைப் பற்றிக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். ஒரு தொழிற்சங்கமோ, தமிழ்ச் சங்கமோ, ஒரு சிறு நூலகமோ நடத்தும் தளத்தைப் பற்றி இந்தக் கணக்கு என்ன சொல்ல முடியும்? ஒரு லட்சத்துக்குப் பிறகு வரும் இடங்களை உத்தேசமாகவே கொள்ளவேண்டும் என்று அந்தக் கம்பெனியே சொல்லி வந்தது.

இந்த எண்களால் விளைந்தது என்ன? 2000ம் ஆண்டில் கூகுள் ஒரு சிறு பட்டையைக் கொடுத்தது. எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று 0 முதல் 10 வரை அதில் காணலாம். எண் வெளியே தெரிந்ததும் வியாபாரம் பிறந்தது. மதிப்பெண் அதிகமுள்ள பக்கத்திலிருந்து இணைப்பு வேண்டுமா, இன்ன விலை என்று சிபாரிசுகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய அங்காடிக் கம்பெனி, துணி முதல் மரச்சாமான் வரை எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்பு நட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது கம்பெனி. கூகுள் அதைப் பட்டியலில் கீழே தள்ளியது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். மாதத்துக்கு இத்தனை பைல் பைசல் ஆகவேண்டும் என்று மேலதிகாரி உத்தரவு போடட்டும். மறுமாதமே எண்ணிக்கை ஏறிவிடும். ஏதோ ஒரு விளக்கம் கேட்டு மனுவைத் திருப்பி அனுப்பினாலும் அது பைசல்தான். மனுதாரர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார். எதை வைத்து அளக்கிறோமோ அதையே இலக்காக்கிவிட்டால் அளவுகோல் கெட்டுவிடும் என்பதை, 1975ல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலப் பொருளாதார நிபுணர் பணக் கொள்கை பற்றிய கட்டுரையில் சுட்டிக்காட்டினார். இன்று அது அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது.

கடைசியில் கூகுள் அந்த மதிப்பெண்ணை 2016ல் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அலெக்ஸா பட்டியலும் 2022 மே மாதம் மூடப்பட்டது. ஆனால் வரிசை ஒழியவில்லை. சிபாரிசுக் கணக்கு வேறு பல அம்சங்களோடு சேர்ந்து உள்ளே இன்னும் நடக்கிறது. நமக்குத் தெரிவது அதன் முடிவு மட்டும்.

அந்த முடிவுக்கும் மேலே விளம்பரம் உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுத்தவர் பெயர் பல சமயம் பட்டியலின் தலையிலேயே வருகிறது. விளம்பரம் என்று எழுதியிருப்பார்கள்; அவசரத்தில் யார் கண்ணில் படுகிறது? இதில் ஒரு வேடிக்கை. விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி, தேடுபவரை விட்டு விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998ல் தங்கள் கட்டுரையிலேயே எழுதியவர்கள் இதே பேஜும் பிரின்னும்தான்! இரண்டே வருஷத்தில் அவர்களும் விளம்பரம் வாங்க ஆரம்பித்தார்கள்.

கம்பெனிகளுக்குள் உள்ள போட்டி நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பாங்கியின் பெயரில் போலித் தொலைபேசி எண்ணைப் போட்டு, தேடுகிறவர் கண்ணில் படும்படி நிறுத்திவைக்கிறார்கள் மோசடிக்காரர்கள். கூப்பிட்டவரிடம் இதமாகப் பேசி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். அல்லது கைபேசித் திரை அவர்களுக்குத் தெரியும்படியான ஒரு செயலியைப் போடச் செய்கிறார்கள். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த மாதச் சம்பளம் அரைமணியில் போய்விடுகிறது. பாஸ்போர்ட்டுக்கென்று போலித் தளம் நடத்திக் கட்டணம் பிடுங்குவோரைப் பற்றி வெளியுறவுத் துறையே எச்சரித்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது சுலபம். பாங்கியின் எண் வேண்டுமானால் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்தையும் பார்க்கவேண்டும், தேடிப் பிடிக்கக்கூடாது. அரசாங்கத் தளமானால் முகவரி 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' அல்லது 'என்.ஐ.சி. புள்ளி ஐ.என்.' என்று முடிகிறதா என்று பார்க்கவேண்டும். பாங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க் புள்ளி ஐ.என்.' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. அந்த முடிவெழுத்துப் பாங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். மோசம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இராமல் உடனே 1930க்குத் தகவல் கொடுக்கவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் தேடுபவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. விளம்பரத்தை விளம்பரம் என்று பளிச்சென்று வேறு நிறத்தில், தேடுபவரின் மொழியிலேயே காட்டத் தேடுபொறிக் கம்பெனிகளை அரசு கட்டாயப்படுத்தவேண்டும். பாங்கி, பாஸ்போர்ட் முதலிய சேவைகளைத் தேடும்போது விளம்பரமே கூடாது என்று தடை போட்டாலும் தவறில்லை. பாங்கிகளும் தங்கள் சரியான முகவரியைக் கிளைதோறும் பலகையில் எழுதி வைக்கவேண்டும். பெங்களூர்க் கிளைகளில் கன்னடத்தோடு தமிழிலும் எழுதினால் பலருக்குப் புண்ணியமாகப் போகும்.

கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரு கணக்கு. யாருக்குச் சிபாரிசு அதிகம் என்று சொல்ல ஒரு கணக்கு. யாரை நம்பலாம் என்று சொல்லும் கணக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை, பணம் கொடுக்கும் முன் ஒருமுறை முகவரியைப் படித்துப் பார்ப்பதே நமக்குக் காவல்.