காசு கொடுத்து வாங்கும் பயம்

ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பிறகும் நம் ஞாயிறு பதிப்புகளிலும் முகநூலிலும் ஒரே கட்டுரை வெவ்வேறு பெயர்களில் வெளிவரும். விமானம் இறங்கியது. குளிர் அடித்தது. சாலை சுத்தமாக இருந்தது. கங்காரு கையிலிருந்து தின்றது. கோவாலா தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். கடைசி வரி மட்டும் எல்லாருக்கும் பொது: வாயில்லா ஜீவனை மதிக்கத் தெரிந்த நாடு அது, நம்மாளுங்க எப்போ கத்துக்கப் போறாங்க?

எனக்கு அந்தக் கடைசி வரியோடுதான் சண்டை.

ஊர் சுற்றுவதை நான் குறை சொல்லவில்லை. 2007 நவம்பரில் ஏர்ஆசியா எக்ஸ் தன் முதல் விமானத்தை கோல்ட் கோஸ்ட்டுக்குத்தான் அனுப்பியது. அதற்குப் பிறகு தஞ்சோங் மாலிமில் இருக்கிற ஒரு ஆசிரியர் குடும்பம் காசு சேர்த்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்வருவது நடக்கக்கூடிய காரியமாகிவிட்டது. கப்பலின் மூன்றாம் வகுப்பு மேல்தளத்தில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ஜன்னலோர இருக்கையில் பறக்கிறார்கள். பறக்கட்டும். ஆனால் திரும்பி வந்து எழுத உட்கார்ந்துவிட்டால் பயணி எழுத்தாளராகிவிடுகிறார். எழுத்தாளரிடம் கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி அந்த 'மதிக்கத் தெரிந்த நாடு' பற்றி. 1888 முதல் 1909 வரை தாஸ்மேனிய அரசு, தாஸ்மேனியப் புலியைக் கொன்று கொண்டுவருகிறவனுக்குத் தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்தது. அந்த இனத்தின் கடைசிப் பிராணி 1936 செப்டம்பரில் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில், கூண்டுக்குள் செத்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கோவாலாவைத் தூக்கிப் படம் எடுப்பதை நியூ சவுத் வேல்ஸ் அனுமதிப்பதில்லை, குயின்ஸ்லாந்து அனுமதிக்கிறது. அங்கே 1927இல் தொடங்கப்பட்ட லோன் பைன் சரணாலயமே 2024இல்தான் அந்த வழக்கத்தை நிறுத்தியது. ஆக, அந்த நாடு பிறவியிலேயே ஜீவகாருண்யம் கொண்டதல்ல. கொன்றது, வெட்கப்பட்டது, சட்டம் போட்டது, இன்னமும் தடுமாறுகிறது. இந்தச் சரித்திரத்தைக் கழித்துவிட்டு 'வெள்ளைக்காரன் மதிக்கிறான், நாம் மதிப்பதில்லை' என்று எழுதுவதற்குப் பெயர் பயணக்கட்டுரையா? பழைய அடிமைப் புத்திக்குப் புது பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி பாம்பைப் பற்றி. ஊர்வனப் பூங்கா நமக்கு என்ன விற்கிறது? பயத்தை விற்கிறது. உத்தரவாதத்தோடு கூடிய பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உலகத்தின் மிகக் கொடிய விஷப்பாம்பு. இந்தப் பக்கம் ஐஸ்கிரீமோடு நாம். கழுத்தில் போடுவதற்கு விஷமில்லாத, மனிதக் கைக்குப் பழகிய மலைப்பாம்பைத் தருகிறார்கள். கத்தலாம், சிரிக்கலாம், படம் பார்த்துவிட்டு நினைவுப்பொருள் கடைக்குப் போகலாம். இந்த வியாபாரத்தின் பெரிய நட்சத்திரம் ஸ்டீவ் இர்வின். 1970இல் அவருடைய பெற்றோர் பீர்வாவில் திறந்த சிறிய ஊர்வனப் பூங்காவை ஆஸ்திரேலியா ஜூவாக வளர்த்தவர். 2004இல் ஒரு மாதக் கைக்குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் முதலைக்குத் தீனி போட்டபோது உலகமே அவரைத் திட்டியது. 2006இல் திருக்கை வால்முள் குத்தி அவர் இறந்தபோது அதே உலகம் அழுதது. இர்வின் பாம்புகளை உண்மையாகவே நேசித்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காக்கி அரைக்கால் சட்டைபோட்ட ஒரு வெள்ளை ஆண் காட்டுக்குள் குதித்தால்தான் பாம்புக்கு மரியாதை வரும் என்பதை அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் பாம்போடு வாழ்ந்த பழங்குடிகள் அந்தக் காட்சியில் எங்கே நிற்கிறார்கள் என்று நாம் கேட்டதே இல்லை.

நம் கட்டுரையாளர்கள் பார்க்கத் தவறியது அதே பூங்காவில் வேறொரு மூலையில் இருக்கிறது. சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் இருக்கும் ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். எரிக் வொரெல் என்பவர் தொடங்கியது. அங்கே பாம்புகளிடமிருந்து விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்க அனுப்புகிறார்கள். 1950களிலிருந்து இது நடக்கிறது. ஃபனல்-வெப் என்ற கொடிய சிலந்தியைப் பத்திரமாகப் பிடித்துக் கொண்டுவந்து கொடுங்கள் என்று பொதுமக்களையே கேட்கிறார்கள். அதன் விஷத்துக்கு 1981இல் மருந்து வந்தது. அதற்குப் பிறகு அந்தச் சிலந்தி கடித்து யாரும் இறந்ததாக உறுதியான தகவல் இல்லை. 1950இல் கெவின் பட்டன் என்ற 20 வயது இளைஞர், மருந்து கண்டுபிடிக்க உயிருள்ள தைப்பான் பாம்பு வேண்டும் என்று கெய்ன்ஸில் ஒன்றைப் பிடித்தார். அது அவரைக் கடித்தது, மறுநாள் இறந்துபோனார். பிடித்த பாம்பு மெல்போர்னுக்குப் போனது. 1955இல் மருந்து வந்தது.

உலகின் கொடிய விஷப்பாம்புகள் பல இருக்கும் அந்த நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேர்தான் சாகிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த வித்தியாசத்தை அன்பு, பண்பாடு, நாகரிகம் என்று எதை வைத்தும் விளக்க முடியாது. காலில் பூட்ஸ், பக்கத்தில் மருத்துவமனை, கையிருப்பில் மருந்து, எவ்வளவு தூரத்திலிருந்தும் நோயாளியைத் தூக்கிவர விமானம். மருந்துப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பாம்பை நேசிப்பது சுலபம். செருப்பில்லாத காலோடு இருட்டில் நடக்கிறவனைப் பார்த்து 'ஏன் தடியை எடுக்கிறாய்?' என்று கேட்க யாருக்குத் தகுதி இருக்கிறது?

இங்கேதான் நம் கதை வருகிறது.

என் பாட்டி பேராங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். அவர் பொழுது சாய்ந்தபின் 'பாம்பு' என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார். "பூச்சி கெடக்கும், பாத்துப் போ" என்பார். தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இந்த 'பூச்சி' தெரியும். விடியுமுன்னே பிரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குகிறவர்களுக்கு வெளிச்சம் விழுவது மரப்பட்டைமீது. கால் இருப்பது சருகுக்குள், இருட்டில். வெட்டுக் கோட்டைப் பார்ப்பதா, காலடியைப் பார்ப்பதா? கோட்டைத் தப்பவிட்டால் கங்காணி வாய். காலைத் தப்பவிட்டால் பூச்சி வாய். அந்தப் பயத்துக்குக் கண்ணாடி கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது. சம்பளத்துக்குள்ளேயே அடக்கம்.

வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கம் இன்னும் மோசம். சருகு நிறத்திலேயே இருக்கும் ஒரு விரியன் அங்கே அதிகம். மலாயில் அதற்கு 'ஊலார் காப்பாக் போடோ' என்று பெயர். போடோ என்றால் முட்டாள். மனிதக் காலடிச் சத்தம் கேட்டாலும் நகராமல் கிடப்பதால் வந்த பெயர். மிதித்தால்தான் கடிக்கும். மிதிப்பது யார்? ரப்பர் காட்டுக்குள் நடக்கிறவர்கள். பினாங்கு பொது மருத்துவமனையில் அலிஸ்டர் ரீட் என்ற மருத்துவர் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் இந்தக் கடிகளை ஒவ்வொன்றாகக் கவனித்துப் பதிவு செய்தார். கடிபட்டவர்களுக்குப் பல நாட்கள் ரத்தம் உறையாமலே இருப்பதைக் கண்டார். அப்படியிருந்தும் பலர் பெரிய ஆபத்தில்லாமல் பிழைத்தது அவரை யோசிக்க வைத்தது. அந்த யோசனையிலிருந்து ரத்தக்கட்டிக்கான 'ஆர்வின்' என்ற மருந்து பிறந்தது. 1961இல் பினாங்கில் பாம்பு விஷ ஆய்வு நிறுவனமே தொடங்கினார். பிறகு லிவர்பூல் போனார். அங்கிருந்த விஷ ஆய்வுப் பிரிவு ஒன்று அவர் பெயரைத் தாங்கியிருந்தது. இன்று நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு பேங்காக்கின் ராணி சௌவாபா நிறுவனத்திலிருந்து வருகிறது.

அதாவது, மலாயாவின் வெறுங்கால் உழைப்பாளிகளுடைய ரத்தம் உலக மருத்துவத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. மருத்துவருடைய பெயர் நிலைத்தது. அதில் தவறில்லை, உழைத்தார். ஆனால் சோதனைக் குழாயில் யாருடைய ரத்தம் இருந்தது என்பதை எழுதவேண்டியது யார் வேலை? நம் வேலை. நான் படித்தவரை நம் தோட்டக் கதைகளில் பாம்பு வருகிறது. கனவில் வருகிறது, காமத்துக்குக் குறியீடாக வருகிறது, புற்றுக்கோயிலில் பால் குடிக்க வருகிறது. டிரசரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய வாசலும், கடிபட்ட நாளுக்குச் சம்பளம் வெட்டப்பட்டதா என்ற கேள்வியும் அபூர்வமாகவே வருகின்றன. குறியீடு கடிக்காது அல்லவா, அதனால் எழுதச் சௌகரியம்.

தமிழ்நாட்டுக் கதையும் இதே லட்சணம்தான். பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்ட பிறகு, பிழைப்பு இழந்த இருளர்கள் ரோமுலஸ் விட்டேக்கரோடு சேர்ந்து 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டிலேயே விடுவார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி இவர்கள் கையால் வந்தது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைக் கருவிகளும் நாய்களும் வைத்துத் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் போய் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டீவ் இர்வினைத் தெரியாதவர் இருக்கமாட்டார். மாசி சடையனைத் தெரிந்தவர் எத்தனை பேர்? தமிழ் பேசுகிற இரண்டு பேர், சுவடு பார்த்துப் பாம்பு இருக்குமிடத்தைச் சொல்கிறவர்கள். அவர்களைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை எழுதாத கைதான் கழுத்துப் பாம்புப் படத்துக்கு ஆறு பத்தி எழுதுகிறது.

'ஏன்ப்பா, புள்ளைங்க நாலு மிருகத்தைப் பாத்து சந்தோஷப்படக் கூடாதா? அதுக்குமா அரசியல்?' என்று கேட்பார்கள். பிள்ளைகள் தாராளமாகச் சந்தோஷப்படட்டும். பத்து வயதுப் பிள்ளை கோவாலாவைப் பார்த்து வாயைப் பிளந்தால் அது அழகு. நாற்பது வயது எழுத்தாளர் அதே வாயோடு கட்டுரை எழுதினால் அது சோம்பேறித்தனம். 'நம் நாட்டில் இதெல்லாம் இல்லையே' என்று புலம்புகிறவர், 1961இல் தொடங்கிய தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்குக் கடைசியாக எப்போது போனார் என்று விசாரித்தால் தெரியும். இதே பேராக்கில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனை இருந்தால் எலி. எலி இருந்தால் நாகமும் மலைப்பாம்பும். தஞ்சோங் மாலிமைச் சுற்றித் தோட்டங்கள் தாமான்களாக மாறும்போது அவை வீட்டுக் கால்வாய்க்கு வருகின்றன. நாம் கதவைச் சாத்திக்கொண்டு பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் அடிக்கிறோம். நல்லது, தடியைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் செம்பனைக் காட்டுக்குள் இப்போது யார் நடக்கிறார்கள்? இந்தோனேசியர், வங்காளதேசி. என் பாட்டியின் பயத்தை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் விமானம் ஏறிவிட்டோம். அவர்கள் பொழுது சாய்ந்தபின் பாம்பை எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்று நம்மில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. நம் தாத்தா பாட்டியை அன்று தோட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் எப்படிப் பார்த்தார்களோ, அதே கண்ணாடி வழியாகத்தான் நாம் இவர்களைப் பார்க்கிறோம்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு ஆஸ்திரேலியா போகிற இளம் எழுத்தாளர்களுக்கு என் கோரிக்கை சின்னது. கழுத்துப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே விஷம் எடுக்கிற அறை எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். அந்த நிலம் யாருடையது, பாம்புக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேளுங்கள். ஊர் திரும்பியதும், தோட்டத்தில் வேலை செய்த கடைசித் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே, ஒரு பிற்பகல் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்த நிரையில், எந்த மாதத்தில், யாரைக் கடித்தது, யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைத்தார்களா? பெயரோடு எழுதி வையுங்கள். கட்டுரையை அந்தப் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். கோவாலா இரண்டாவது பத்தியில் வரட்டும்.