பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

மாரடைப்பு நாற்பதில் வரலாம், ஐம்பதில் வரலாம். அதற்கான வேலை பள்ளி வயதிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பொகலூசா என்ற சிற்றூரில் 1973-இல் தொடங்கிய ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. விபத்து போன்றவற்றால் இறந்துபோன சிறுவர்களின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் அப்போதே கொழுப்பு படிந்திருந்தது. உடல் எடையும் இரத்த அழுத்தமும் கொழுப்பின் அளவும் கூடியிருந்தவர்களிடம் அந்தப் படிவும் கூடியிருந்தது.

நம் வீடுகளில் இந்த ஆபத்தின் அறிகுறி பிள்ளையின் பின்கழுத்தில் தெரிகிறது. கறுத்துத் தடித்த தோலை அழுக்கென்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறோம். தேய்த்தால் போகாது. இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது பெரும்பாலும் இருக்கிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளை ஒல்லிதானே என்றும் இருந்துவிட முடியாது. கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது இந்திய உடல்வாகு. 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தார்.

இதற்காகப் பிள்ளையைப் பழிக்க மாட்டோம். ‘குண்டு’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் வகுப்பிலும் இன்றோடு முடிகிறது. தாயையும் பழிக்க மாட்டோம். ஐந்து மணிக்கு வீடு திரும்பி ஆறு மணிக்கு டியூஷனில் உட்காரும் பிள்ளைக்கு விளையாட மாலைப் பொழுதே இல்லை. பள்ளியில் மிஞ்சியிருப்பது பி.டி. பீரியட், அதையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்தால் அது அட்டவணையில் மட்டுமே இருக்கும். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்தை எங்கே வைத்திருக்கிறோம்?

ஆகவே அறிவிக்கிறோம். பொதுத்தேர்வு நெருங்கினாலும் பி.டி. பீரியடை எந்தப் பாடத்துக்கும் விட்டுத்தரக் கூடாது. பையன்களிடம் பந்தைக் கொடுத்துவிட்டுப் பெண்பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைப்பதை விளையாட்டு வகுப்பாக ஏற்க மாட்டோம்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்ற விதி 2020-லேயே வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேட்போம். நெல்லிக்காயும் அவித்த கடலையும் விற்கும் பாட்டியை விரட்ட அந்த விதியைக் கையில் எடுத்தால், பாட்டியின் பக்கம் நிற்போம்.

வீட்டில் எங்கள் பொறுப்பு: நல்ல மதிப்பெண்ணுக்குக் குளிர்பானம் பரிசாகாது. பிள்ளை தூங்கும் அறைக்குள் செல்போன் வராது, பெரியவர்களுடையதும்.

அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வைப்போம். கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் கால அட்டவணையைக் கொண்டுவாருங்கள். போன மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது என்று பிள்ளையிடமே கேட்டு, அதன் ஓரத்தில் எழுதி வாருங்கள்.