அச்சாரத்துக்கு என்ன அவசரம்?

பண்ணைப்புரம், தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில் மலையடிவாரத்தில் உள்ள ஊர். இளையராஜா பிறந்த ஊர் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால், ஊர்ப் பெருமை பத்திரத்துக்கு உதவாது.

2022-ல் தேனிக்கும், 2023-ல் போடிக்கும் அகலப்பாதை ரெயில் வந்தது. ரெயில் வந்தால் நிலம் விலை ஏறும் என்பது பழைய கணக்கு. கையில் நாலு காசு சேர்த்தவர் மனை வாங்கிப் போட நினைக்கிறார். வேலை தேடும் வாலிபர் தரகுத் தொழிலில் இறங்க நினைக்கிறார். இருவருக்கும் ஆபத்து ஒரே இடத்தில்தான். அச்சாரம் கைமாறும் இடம் அது.

"இன்றைக்கே அச்சாரம் போடுங்கள். நாளைக்கு வேறு ஆள் வந்துவிடுவார்" என்று அவசரப்படுத்துவார்கள். வந்தால் வரட்டும்! காகிதத்தைக் காட்டாத மனை கைவிட்டுப் போவதில் நஷ்டம் இல்லை.

கல் நட்டால் மனையா?

தோட்டத்தில் கல் நட்டுச் சுண்ணாம்பு அடித்தால் அது வீட்டு மனை ஆகிவிடாது. நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனை மலிவாகக் கிடைக்கும். ஏன் மலிவு என்பதை 2016 காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, இத்தகைய மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் விற்க வழியின்றித் திகைத்தார்கள். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட மனைப்பிரிவுகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

தங்கையின் கையெழுத்து

பட்டா, மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று இவற்றைக் கேட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால், வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். குடும்பத்தில் யார் யாருக்குப் பங்கு என்று அது சொல்லாது.

அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போடுகிறார்கள். கட்டிக் கொடுத்த தங்கை எங்கே? "அவளுக்குத்தான் நகை போட்டாயிற்றே" என்று பதில் வரும். இந்து குடும்பத்தின் மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு. 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நகை போட்டதால் பங்கு போய்விடாது. தங்கை வழக்குப் போட்டால், கோர்ட்டுக்கு அலைவது மனை வாங்கியவர்தான். எனவே வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதில் உள்ள எல்லாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இது தங்கைக்கும் நியாயம்.

பஞ்சமி நிலம், பூதான நிலம், கோவில் நிலம் என்று பேச்சு வந்தால் அத்தோடு திரும்பிவிடுவது நல்லது. சொந்தக்காரர் வராமல் "பவர் பத்திரம்" மட்டும் எழுதித் தந்தால் நிலம் சொந்தமாகாது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது.

தரகருக்கும் பொறுப்பு

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை விற்றுத் தரும் தரகரும் பதிவு செய்ய வேண்டும். தவறினால் தரகருக்கு நாள் ஒன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் வரலாம். மனை போட்டவர், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மனையை விற்றவர் பணத்தோடு வெளியூர் போய்விடலாம். தரகர் எங்கே போவார்? காலையில் அதே டீக்கடையில்தான் உட்கார வேண்டும்.

கடைசியாக, சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். ஒரு சென்டு 435.6 சதுர அடி. மனைக்குப் போகும் பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வைக்கு 7 சதவீதம், பதிவுக் கட்டணத்துக்கு 2 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு அச்சாரம் கொடுக்கலாம்.